மருந்துக்கும் ஞானஸ்நானம் வேண்டுமா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளியாகி, பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றிய ஆலோசனைகள் வீடுதோறும் நடைபெறும் பருவத்தில், வளவனூரிலும் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்களில், சித்த மருத்துவம் பயிலவோ சீன தேசத்து அக்குபங்சர் முறையைக் கற்கவோ ஒரு பிள்ளை விரும்பினால், கட்டணத்தைப் பற்றியோ பிற்கால வருமானத்தைப் பற்றியோ அல்லாமல், இது நம் வேதத்துக்கு ஏற்றதுதானா என்ற கேள்வியே முதல் தடையாக வந்து நிற்பதுண்டு. சித்தர்கள் சிவனையும் சக்தியையும் பாடியவர்கள். அவர்களுடைய ஏடுகள் கடவுள் வணக்கத்தோடு தொடங்குபவை. சீனரோ உடம்பில் ‘ச்சீ’ என்னும் பிராண சக்தி ஓடுவதாகவும், யின், யாங் என்னும் இரண்டின் சமநிலையே ஆரோக்கியம் என்றும் போதிப்பவர்கள். இவற்றைக் கற்பது அந்நிய தேவர்களுக்குத் தூபம் காட்டியதாகாதா என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். பக்தியிலே பிறந்த அச்சமாகையால் அது ஏளனத்துக்கு உரியதன்று. ஆயினும் ஆதாரமற்ற அச்சம் என்பதே என் கருத்து.

இந்த விஷயத்தைப் பேசுவதற்குத் திண்டிவனத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1890ஆம் ஆண்டளவில், அமெரிக்க ஆற்காடு மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஜான் ஸ்கடரின் பங்களாவுக்கு, ஓர் இரவில் மூன்று ஆடவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடும் தங்கள் மனைவியரைக் காப்பாற்ற வேண்டுமென்று அவருடைய மகள் ஐடாவிடம் மன்றாடினார்கள். ஐடாவோ மருத்துவம் அறியாத இளம்பெண். மருத்துவம் அறிந்த தந்தை அதே வீட்டில் இருந்தார். ஆனால் அந்நிய ஆடவன் ஒருவன் பிரசவ அறைக்குள் புகுவதைத் தங்கள் ஆசாரம் அனுமதிக்காது என்று கூறி, பிராமணர் ஒருவரும் முகமதியர் ஒருவரும் உட்பட மூவருமே திரும்பிப் போனார்கள். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டார்கள். அந்த இரவின் தாக்கத்தால் அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று மீண்ட ஐடா ஸ்கடர், வேலூரில் நிறுவிய மருத்துவமனையை அறியாதவர் நம் ஜில்லாவில் இல்லை. அன்று சிகிச்சைக்கு முன்னே மதாசாரத்தை நிறுத்தி வைத்தவர்களைக் குறித்து நம்முடைய பிரசங்கிகள் எத்தனையோ முறை இரங்கிப் பேசியிருக்கிறார்கள். கல்விக்கு முன்னே அதே விதமான தடையை இன்று நாம் நிறுத்தி வைப்பது அவர்கள் கண்ணில் படவில்லை போலும்.

வேதத்தையே எடுத்துக்கொள்வோம். எசேக்கியா அரசனுடைய பிளவைக்கு அத்திப்பழ அடையைப் பற்றாகப் போடச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி. கத்தோலிக்கர் வாசிக்கும் சீராக்கின் ஞான நூல், மருத்துவனை மதிக்கும்படியும், மண்ணிலிருந்து விளையும் மருந்துகளை விவேகி வெறுக்கமாட்டான் என்றும் அறிவுறுத்துகிறது. விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்ட உணவை உண்ணலாமா என்று கொரிந்து பட்டணத்துச் சபையார் கலங்கியபோது பவுல் அப்போஸ்தலர் அளித்த விடையின் சாரம், விக்கிரகம் ஒரு பொருளே அன்று, ஆகவே உணவில் தோஷம் இல்லை, ஆனால் பலவீனமான மனச்சாட்சியுடைய சகோதரனை இடறச் செய்யாதே என்பதாகும். படைக்கப்பட்ட உணவுக்கே இந்த நியாயம் என்றால், யாருக்கும் படைக்கப்படாமல் வேலியோரத்தில் முளைத்திருக்கும் நிலவேம்புக்கும் ஆடாதோடைக்கும் வேறு நியாயம் எங்கிருந்து வரும்?

மேலும், ஆங்கில மருத்துவம் ஏதோ எருசலேமில் பிறந்தது போல நாம் எண்ணிக்கொண்டிருப்பது ஒரு வேடிக்கை. அதன் பிதாவெனப் போற்றப்படும் இப்போகிராத்தின் பெயரால் வழங்கும் பிரமாணம், அப்பல்லோ முதலிய கிரேக்க தேவர்களைச் சாட்சியாக அழைத்தே தொடங்குகிறது. மருத்துவச் சின்னமாகிய பாம்பு சுற்றிய தண்டம் அஸ்கிலேபியஸ் என்னும் கிரேக்க தேவனுடையது. மத்திய காலத்துக் கிறிஸ்தவர்கள் அந்தப் பிரமாணத்திலிருந்து தேவர்களின் பெயர்களை நீக்கிவிட்டு, நோயாளிக்குத் தீங்கு செய்யேன் என்பது முதலிய உறுதிகளைத் தமதாக்கிக் கொண்டார்கள். கிரேக்கனிடம் செய்யத் தகுந்த அந்தக் காரியம் சித்தர்களாகிய போகரிடமும் அகத்தியரிடமும் செய்யத் தகாததாகுமா?

தமிழ்நாட்டில் அதைச் செய்து காட்டிய முன்னோர்கள் உண்டு. தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்குவின் உடன் ஊழியராயிருந்த கிருண்ட்லர், 1711ஆம் ஆண்டிலேயே தமிழரின் மருத்துவ அறிவைத் திரட்டி ஜெர்மன் மொழியில் ஒரு நூலாக எழுதினார். அவரினும் பெரிய உதாரணம் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். 1859இல் தென்காசிக்கு அருகே சாம்பவர் வடகரையில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, ஆசிரியத் தொழிலில் அமர்ந்து, சுருளிமலையில் கருணானந்தர் என்னும் மகானிடம் மருந்து முறைகளைக் கற்ற அவர், பின்னர் பள்ளி வேலையைத் துறந்து தஞ்சையில் வைத்தியசாலை நடத்தினார். தம் மருந்துகளுக்குக் கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் என்றும், மூலிகை வளர்த்த தோட்டத்துக்குக் கருணானந்தபுரம் என்றும் குருநாதர் பெயரையே சூட்டிய அதே கையால்தான் கிறிஸ்தவக் கீர்த்தனங்களையும் இயற்றினார். 1917இல் வெளிவந்த கருணாமிர்த சாகரம் என்னும் அவருடைய இசை நூலை இன்றும் வித்துவான்கள் ஆராய்கிறார்கள். மலைமேல் இருந்த ஒரு சித்த புருஷருக்கு அவர் செலுத்திய நன்றி, ஆலயத்தில் அவர் பாடிய பாட்டைக் குறைத்துவிடவில்லை.

சீன மருத்துவத்தின் கதையும் இதுவே. நம் போகரைச் சீன தேசத்தோடு சம்பந்தப்படுத்திப் பேசும் மரபுக் கதைகள் கிடக்கட்டும். நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கெ ஹொங் என்னும் தாவோ மார்க்கத்தவர், விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு ஒருவகை மாசிப்பச்சையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி எழுதி வைத்தார். கொதிக்க வைக்கச் சொல்லாத அந்தக் குறிப்பிலிருந்தே, சூடு மிகாமல் சத்தைப் பிரிக்கவேண்டும் என்ற யுக்தியைப் பெற்ற தூ யூயூ, மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் என்னும் மருந்தைக் கண்டு 2015இல் நோபல் பரிசு அடைந்தார். ஆப்பிரிக்காவின் மிஷன் ஆஸ்பத்திரிகளில் அந்த மருந்தினால் பிழைக்கும் குழந்தைகளுக்கு, அது எந்த மதத்தவன் ஏட்டில் இருந்தது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆனால் அதே சீன மருந்துப் பெட்டியிலிருந்து வந்த அரிஸ்டோலோக்கியா இனத்து மூலிகை, 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் உடல் மெலிவதற்காக அதனை உட்கொண்ட பெண்கள் பலருடைய சிறுநீரகங்களைக் கெடுத்தது. நம் நாட்டு வைத்தியத்தில் வழங்கும் ஆடுதீண்டாப்பாளையும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. பாதரசமும் பாஷாணமும் சேர்ந்த செந்தூரங்களைப் பற்றியும் இதே எச்சரிக்கை அவசியம். ஆகவே அஞ்சத்தக்க விஷயங்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றைக் காட்டிக்கொடுப்பது சோதனைக்கூடமேயன்றிப் பிரசங்க மேடையன்று.

மந்திர உபதேசமும் தீட்சையும் பூஜையும் வைத்தியத்தோடு பிணைந்து வருமிடங்களில் கிறிஸ்தவ மாணவன் மரியாதையாக விலகிக்கொள்ளலாம். மருந்தறிவுக்கு அதனால் நஷ்டமில்லை. ச்சீ என்பதையும் வாத பித்த கபங்களையும், பழங்காலத்தார் தம் நோயாளிகளைக் கூர்ந்து நோக்கி வகுத்த கோட்பாடுகளாகப் பயின்று, பலனைக் கொண்டு ஏற்கவோ தள்ளவோ செய்யலாம். அப்படிப் பயின்ற பின்பும் மனச்சாட்சி ஒப்பவில்லை என்பவன் வேறு படிப்பை நாடட்டும். அவனை மூடன் என்று இகழ்வதற்கும் பவுல் இடம் கொடுக்கவில்லை.

பங்குக் குருமாரையும் போதகர்களையும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: கல்லூரிச் சேர்க்கைக்கான கலந்தாய்வு தொடங்குமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் ஆராதனை முடிந்த பிறகு பெற்றோரை உட்காரவைத்து, சித்த மருத்துவமோ சீன மருத்துவமோ பயில்வது பாவமன்று என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.