சேர் கூப்பிட்டால் போய்விடுவதா?

“நான் அடுத்த மாதம் புதுக் கொம்பனிக்குப் போறன். நீரும் வாரும், உமக்கொரு இடம் வைச்சிருக்கிறன்.”

எங்கள் தோழி ஒருத்திக்குப் போன மாதம் வந்த அழைப்பு இது. கூப்பிட்டவர் அவளுடைய பழைய மனேஜர். வவுனியாவிலிருந்து கொழும்புக்கு வந்து கணக்குப் பிரிவில் சேர்ந்தவளுக்கு வேலை பழக்கினவர். 2022 இல் பெற்றோல் வரிசையும் மின்வெட்டுமாக நாடு கிடந்தபோது, ஆட்குறைப்புப் பட்டியலில் இருந்த அவளின் பெயரை வாதாடி எடுத்தவரும் அவர்தான். வெள்ளவத்தை அறையில் இரவிரவாகக் கதைத்தோம். “சேர் கூப்பிட்டு எப்படி மாட்டன் எண்டு சொல்லுறது?” அவளிடம் இருந்த ஒரே கேள்வி அதுதான்.

எங்களுக்கு அது விளங்குகிறது. எங்களில் பலருக்கு முதல் வேலை கிடைத்ததே தெரிந்த ஒருவரின் சொல்லால்தான். நல்ல மனேஜர் வாய்ப்பதும் சின்ன விசயமில்லை. ஆனாலும் நன்றிக்கடனையும் வேலை ஒப்பந்தத்தையும் ஒரே கொப்பியில் எழுதக்கூடாது என்பதே எங்கள் கருத்து.

கணக்கைப் பாருங்கள். அவள் வேலைக்குச் சேர்ந்து 4 வருடமும் 7 மாதமும். 1983 ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி 5 வருடம் நிறைந்தால்தான் பணிக்கொடை. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்குக் கடைசிச் சம்பளத்தின் பாதி. அவள் சம்பளம் 90,000 ரூபா. இன்னும் 5 மாதம் பொறுத்தால் 225,000 ரூபா. இப்போதே போனால் அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்கவே ஏலாது. சேமலாப நிதி மட்டும் எங்கும் போகாது. அவளின் 8 வீதமும் கொம்பனியின் 12 வீதமும் அவள் பெயரில்தான் கிடக்கும்.

போகிற இடத்தையும் பார்க்கவேண்டும். கொம்பனி நினைத்தபடி ஆட்களை நிறுத்தாமல் தடுக்கிற 1971 ஆம் ஆண்டுச் சட்டம், 15 பேருக்குக் குறைவான இடங்களுக்குப் பொருந்தாது. 180 நாள் வேலை செய்யாதவருக்கும் பொருந்தாது. சேரின் வாக்கு நல்ல வாக்காக இருக்கலாம். ஆனால் அவரும் அங்கே சம்பளத்துக்கு இருப்பவர்தானே? நாளைக்கு அவருக்கே கனடா விசா சரிவந்தால்?

அதனால் அவளிடம் ஒன்று கேட்டோம்: “சேர் அங்க இல்லாட்டியும் அந்த வேலைக்குப் போவியா?” கனநேரம் யோசித்துவிட்டு, “போவன், ஆனா இப்ப இல்லை” என்றாள்.

அடுத்தநாள் அவளே போன் எடுத்து, “ஐஞ்சு மாதம் பொறுக்கேலுமோ சேர்? சம்பளத்தையும் பதவியையும் கடிதத்தில தரேலுமோ?” என்று கேட்டாள். அவர் கோபிக்கவில்லை. மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். பதில் இன்னும் வரவில்லை. இடம் கிடைக்காமலும் போகலாம். ஆனால் எங்கள் நன்மையை விரும்பிக் கூப்பிடுகிறவரிடம் இதைக் கேட்க நாங்கள் கூச்சப்படத் தேவையில்லை.