ஆபீஸ் வேடிக்கை: பிள்ளைகள் பார்க்கலாமா?

காகிதம் விற்கும் ஒரு கம்பெனி. அதற்கு ஒரு கிளை ஆபீஸ். பத்துப் பதினைந்து சிப்பந்திகள். அவர்களுக்கு மேலே ஓர் அசட்டு மானேஜர். உலகத்திலேயே தன்னைப்போல் நல்ல எஜமான் கிடையாது என்பது அவர் எண்ணம். ஆனால் அவர் வாயைத் திறந்தால் போதும், ஆபீசில் யாராவது ஒருவர் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியதுதான்!

இதுதான் "தி ஆபீஸ்" என்ற டெலிவிஷன் தொடர். 2001-ல் இங்கிலாந்தில் பி.பி.சி. இதைத் தொடங்கியது. 2005 முதல் 2013 வரை அமெரிக்காவில் 201 பகுதிகள் வந்தன. 2019-ல் பரிதாபாத்தில் நடக்கும் கதையாக மாற்றி, இந்தியிலும் எடுத்தார்கள். இப்போது அமெரிக்கத் தொடரைப் பள்ளிப் பிள்ளைகள் செல்போனிலேயே பார்க்கிறார்கள்.

காகிதக் கம்பெனி என்பது சிவகாசிக்குப் புதிய விஷயமா என்ன? தமிழ்நாட்டுச் சுவர்களில் தொங்கும் காலண்டர்களில் பெரும்பகுதி அடிப்பது அந்த ஊர்தானே! ஆனால் அங்குள்ள பெற்றோருக்கு ஒரு கேள்வி. ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளை இதைப் பார்க்கலாமா, கூடாதா?

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு வீட்டிலேயே பதில் இருந்தது. நடுக்கூடத்தில் ஒரே ஒரு டெலிவிஷன். 2006-க்குப் பிறகு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த கலர் டெலிவிஷனும் நடுக்கூடத்தில்தான் உட்கார்ந்தது. ரிமோட் பாட்டி மடியில். ஏதாவது ஏடாகூடமாக வந்தால், "ஏலே, மாத்துலே அதை!" என்று ஓர் அதட்டல். அதுதான் சென்சார். இன்று படம் பையன் உள்ளங்கைக்குள் ஓடுகிறது. காதில் கருவி வேறு. பாட்டிக்கு ஒன்றும் கேட்பதில்லை.

சட்டம் சும்மா இருக்கவில்லை. இணையத்தில் வரும் தொடர்களை வயதுப்படி பிரித்துக் காட்ட வேண்டும் என்று 2021-ல் மத்திய அரசு விதி செய்தது. எல்லாருக்கும் ஒன்று, 7 வயதுக்கு மேல் ஒன்று, 13-க்கு மேல் ஒன்று, 16-க்கு மேல் ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று என்று ஐந்து பிரிவு. 13-க்கு மேற்பட்டவற்றுக்குப் பெற்றோர் பூட்டுப் போடும் வசதி வேண்டும். சரி. ஆனால் அநேக வீடுகளில் அந்தப் பூட்டை எப்படிப் போடுவது என்று அப்பாவுக்குச் சொல்லிக் கொடுப்பவனே அந்தப் பையன்தான்!

பெற்றோர் முதலில் தேடுவது கெட்ட வார்த்தையையும் ஆபாசத்தையும். அது இந்தத் தொடரில் உண்டு. மானேஜருக்கு இரட்டை அர்த்தப் பேச்சு என்றால் அல்வா மாதிரி. ஆனால் அதை மட்டும் வைத்து "கூடாது" என்று சொன்னால், பையன் ஒரு கேள்வி கேட்பான். 1984-ல் வந்த "வைதேகி காத்திருந்தாள்" படத்தில் கவுண்டமணியின் கடையும் ஒரு தொழிலிடம்தான். முதலாளி ஏசுகிறார், வேலையாள் செந்தில் அடி வாங்குகிறார். பெட்ரோமாக்ஸ் விளக்கை வைத்து நடக்கும் அந்தக் கூத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து எத்தனை தடவை சிரித்திருக்கிறோம் என்பான். அதற்குப் பதில் சொல்ல அப்பாவால் முடியாது.

பார்க்க வேண்டியது வேறு ஒன்று. சிரிப்பு யார்மேல் விழுகிறது?

அமெரிக்கத் தொடரில் ஒரு தந்திரம் உண்டு. சிரிப்புச் சத்தம் பின்னால் சேர்க்கப்படுவதில்லை. மானேஜர் ஒரு பெண் சிப்பந்தியைப் பற்றி அசட்டுத்தனமாக ஏதோ சொல்கிறார். சபை சிரிப்பதில்லை. காமிரா மெதுவாகத் திரும்பி, கேட்டவர்களின் முகத்தைக் காட்டுகிறது. கூசிப்போன முகம். சிரிப்பதா வேண்டாமா என்பதைப் பார்ப்பவரே முடிவு செய்துகொள்ள வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளைக்கு இது புரியும். "இந்த ஆள் எவ்வளவு முட்டாள்" என்று சிரிக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையோ மானேஜரின் பேச்சையே கெட்டிக்காரத்தனம் என்று எடுத்துக்கொண்டு, மறுநாள் வகுப்பில் ஒரு பெண்ணிடம் சொல்லிப் பார்க்கும். வேலையிடத்தில் பெண்களைத் தொந்தரவு செய்வதைத் தடுக்க இந்தியாவில் 2013-ல் தனிச் சட்டமே வந்தது. தீப்பெட்டியிலும் பட்டாசிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்க்கும் வட்டாரம் இது. அந்தப் பேச்சு அங்கே வேடிக்கை இல்லை.

இனி அந்தத் தீ.

2009-ல் வந்த ஒரு பகுதி உலகம் முழுவதும் பேசப்பட்டது. ஆபீசில் ஒரு சிப்பந்தி தீப் பாதுகாப்புப் பற்றிப் பேசியிருக்கிறார். யாரும் காது கொடுக்கவில்லை. ஆத்திரத்தில் அவர் என்ன செய்கிறார்? யாரிடமும் சொல்லாமல் கதவுகளை அடைத்துவிட்டுக் குப்பைத் தொட்டியில் தீ மூட்டுகிறார். புகை! கூச்சல்! ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். கடைசியில் ஒருவருக்கு மாரடைப்பே வந்துவிடுகிறது. பார்த்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சிவகாசியில் ஒரு போர்மேன் வீட்டில் இது ஓடினால்? மருந்து கலக்கும் வேலையைக் காலைக் குளிர்ச்சியிலேயே முடிக்கிறவர் அவர். அறைக்குள் நுழையுமுன் உடம்பில் உள்ள மின்சாரம் இறங்கச் செப்புத் தகட்டைத் தொடுகிறவர். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, வெடித்தால் எந்தப் பக்கமும் ஓட வழி இருக்க வேண்டும் என்று தெரிந்தவர். 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் ஏறக்குறைய 40 பேர் மாண்டார்கள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிற ஊரில், அடைத்த கதவைப் பார்த்துச் சிரிப்பு வருமா?

வராது. ஆனால் அதனாலேயே அந்தப் பகுதியைப் பிள்ளை அப்பாவோடு உட்கார்ந்து பார்ப்பது நல்லது. "அப்பா, உங்க ரூமுக்கு எத்தனை வாசல்?" என்று பிள்ளை கேட்டால், எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத பாடம் அது.

வேறொரு பகுதிதான் உண்மையில் பயப்பட வேண்டியது. 2007-ல் வந்தது. கிடங்குத் தொழிலாளர் யந்திரங்களின் ஆபத்தைச் சொல்லிக் கொடுக்கிறார். "எங்கள் ஆபீசிலும் ஆபத்து உண்டு, மனச்சோர்வு" என்று காட்டுவதற்காக மானேஜர் கூரைமேல் ஏறிக் குதிக்கப்போவதுபோல் நாடகம் போடுகிறார். அவரைப் பேசி இறக்குகிறவர், அதே தொழிலாளர்தான். கதை அழகானது. இருந்தாலும், பிளஸ் டூ முடிவில் மாநிலத்தின் முன்வரிசையில் பல ஆண்டுகள் நின்ற விருதுநகர் மாவட்டத்தில், மார்க்கு நினைப்பிலேயே உறங்கி எழும் பிள்ளைகள் நிறைய. மனசு உடைந்திருக்கும் ஒரு பிள்ளை இதைத் தனியாக, இரவில் பார்க்கக் கூடாது. இதில் விட்டுக் கொடுப்பதற்கு இடமே இல்லை.

இந்தக் கதை நடப்பதாகச் சொல்லப்படும் ஊர், பென்சில்வேனியாவில் உள்ள ஸ்கிராண்டன். நிலக்கரிச் சீமை. 1911-ல் லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் அந்தப் பக்கத்துச் சுரங்கங்களில் எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. முகமெல்லாம் கரியாக, கரியிலிருந்து கல் பொறுக்கும் சிறுவர்கள்! அப்படிப்பட்ட பூமியில் இன்று ஆபீசை வைத்து வேடிக்கை செய்கிறார்கள்.

சிவகாசிக்கும் அந்தக் கதை உண்டு. தீப்பெட்டி ஆபீசுக்குப் போன குழந்தைகளைப் பற்றிய வழக்கில்தான் 1996 டிசம்பர் 10-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. 2016-ல் சட்டம் இன்னும் இறுகியது. 14 முதல் 18 வயதுவரை உள்ளவர்களை வெடிமருந்து போன்ற ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாது. தாத்தா பத்து வயதில் தொழிலிடத்தைப் பார்த்தார். பேரன் அதை முதலில் பார்ப்பது டெலிவிஷனில், வேடிக்கையாக. எஜமான் என்றால் யார், சக தொழிலாளி என்றால் யார் என்பதை அவனுக்கு அந்தத் தொடர்தான் முதலில் சொல்கிறது.

ஆகவே, 13 வயதுக்குக் கீழே வேண்டாம். 13 முதல் 15 வரை, பெரியவர் பக்கத்தில் இருந்தால் பார்க்கலாம். 16 ஆனவர்களைத் தடுப்பதில் நியாயமில்லை. "சாயங்காலம் களைத்து வருகிறேன், இதற்கெல்லாம் எனக்கு நேரமேது?" என்று அப்பா கேட்கலாம். ஒரு பகுதி பெரும்பாலும் இருபத்திரண்டு நிமிஷந்தான்.

எதில் ஆரம்பிப்பது என்றால், 2006-ல் வந்த ஒரு பகுதி இருக்கிறது. கிடங்குத் தொழிலாளர்கள் சங்கம் வைக்கலாமா என்று பேசுகிறார்கள். தலைமை ஆபீசிலிருந்து வந்த அம்மாள், அப்படிச் செய்தால் கிளையையே மூடிவிடுவோம் என்கிறார். அந்த இடத்தில் அப்பாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வரும். பையனுக்குப் புரியாது. ஏன் சிரித்தீர்கள் என்று கேட்பான்.