கரம் இழந்தார், கல்வி தந்தார்!

அமெரிக்க நாட்டுத் தலைநகரான வாஷிங்டனிலே ஹோவர்டு பல்கலைக் கழகம் என்றோர் அறிவுக்கூடம் உண்டு. வெள்ளைப் பிள்ளைக்கு ஒரு பள்ளி, கருப்புப் பிள்ளைக்கு வேறு பள்ளி என்று பிரித்து வைப்பது செல்லாது என 1954-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததே, அந்த வழக்கிலே வாதாடி வென்ற தர்குட் மார்ஷல் சட்டம் பயின்றது அங்கேதான். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 1986-இல் பட்டம் பெற்றதும் அங்கேதான். 2021-இல் கமலா அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றபோது, அவருடைய பாட்டனாரின் ஊரான திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்திலே வெடி வெடித்தார்கள், இனிப்பு வழங்கினார்கள்.

கனியைக் கண்டு களித்தோம். மரத்தை நட்டவர் யார் என்று கேட்டோமா?

பலர் கூடி நட்டார்கள். அவர்களிலே முன்னின்றவர், தம் பெயரையே அதற்குத் தந்தவர், ஆலிவர் ஓட்டிஸ் ஹோவர்டு. வெள்ளையர், படைத்தளபதி, தொழுகை தவறாத பக்தர். 1909 அக்டோபர் 26-இல் மறைந்தவர்.

பக்தர் என்றதும் நம் தோழர்கள் சிலர் புருவத்தை நெரிப்பார்கள். நெரிக்கட்டும். நாம் கேட்பது ஒன்றுதான்: அவருடைய பக்தி யாருக்குக் கதவைத் திறந்தது, யாருக்கு அடைத்தது? இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஹோவர்டின் வாழ்வு மெச்சவும் வைக்கிறது, நோகவும் வைக்கிறது. இரண்டையும் மறைக்காமல் சொல்வதே நினைவு கூர்வதற்கு அழகு.

1830 நவம்பர் 8-இல், மெய்ன் மாநிலத்து லீட்ஸ் என்ற சிற்றூரில், உழவர் வீட்டிலே பிறந்தார். 1854-இல் வெஸ்ட் பாயிண்ட் படைத்துறைக் கல்லூரியில் தேறினார். 1857-இல் ஃபுளோரிடாவில் பணியாற்றுகையில் மெதடிஸ்டுக் கூட்டமொன்றில் மனம் உருகித் தீவிர பக்தரானார். அதே ஆண்டு வெஸ்ட் பாயிண்டுக்குத் திரும்பிக் கணக்கு வாத்தியாரானார். உத்தியோகத்தை உதறிவிட்டுப் பாதிரியாராகி விடலாமா என்றுகூட எண்ணினார். அதற்குள் 1861 வந்தது. அடிமை முறையைக் காப்பாற்றத் தென் மாநிலங்கள் பிரிந்தன. உள்நாட்டுப் போர் மூண்டது. பாதிரியாராக நினைத்தவர் படை நடத்தப் போனார்.

1862 ஜூன் 1. வர்ஜீனியாவிலே ஃபேர் ஓக்ஸ் களம். வலக்கையிலே குண்டுகள் பாய்ந்தன. கையை வெட்டி எடுத்தார்கள். அவரைக் காண வந்த தளபதி ஃபிலிப் கியர்னியோ, முன்பே ஒரு போரில் இடக்கை இழந்தவர். இனிமேல் கையுறை வாங்குவதென்றால் நாம் இருவரும் சேர்ந்து வாங்கலாம் என்று அவரிடம் நகைத்தாராம் ஹோவர்டு! அந்த ஆண்டு முடியுமுன்னரே களம் திரும்பினார். 1863 மே மாதம் சான்சலர்ஸ்வில்லில் அவருடைய படை சிதறி ஓடியது. ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் கல்லறைக் குன்றைப் பற்றி நின்றது. குடியைத் தொடாதவர், ஞாயிற்றுக்கிழமை வழிபாடு தவறாதவர். ஆகவே கிறிஸ்தவத் தளபதி என்றார்கள். சிலர் போற்றிச் சொன்னார்கள், சிலர் கேலியாகச் சொன்னார்கள்.

போர் முடிந்தது. 40 லட்சம் அடிமைகள் விடுதலை பெற்றார்கள். விடுதலை பெற்றவனிடம் என்ன இருந்தது? உழ நிலமில்லை, உடுக்கத் துணியில்லை. எழுத்து? தென் மாநிலங்கள் பலவற்றிலே அடிமைக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதே சட்டப்படி குற்றமாக இருந்தது! இந்த மக்களைக் கவனிக்க 1865 மார்ச்சில் ஒரு துறை அமைத்தார்கள். மே மாதம் அதன் தலைமையை ஹோவர்டிடம் ஒப்படைத்தார்கள்.

இங்கேதான் சோதனை தொடங்குகிறது.

1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் ஓர் ஆணை பிறப்பித்திருந்தார். தென் கரோலினா, ஜார்ஜியா, ஃபுளோரிடா கடலோர நிலங்களிலே, குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை விடுதலை பெற்றவர்களுக்கு என்று. சுமார் 40,000 பேர் குடியேறினார்கள். தலைமுறை தலைமுறையாக எவனுக்கோ உழுத நிலத்தைத் தமக்கென்று உழுதார்கள். ஹோவர்டும் அதற்கு அரணாக நின்றார். ஆனால் லிங்கன் கொலையுண்ட பின் ஆட்சிக்கு வந்த ஆண்ட்ரூ ஜான்சன், கலகம் செய்த பண்ணையாரை மன்னித்தார். நிலத்தைத் திருப்பிக் கொடு என்றார். அதை மக்களிடம் போய்ச் சொல்லும் வேலையை யாருக்குக் கொடுத்தார்? ஹோவர்டுக்கு!

1865 அக்டோபர். எடிஸ்டோ தீவு. தேவாலயத்திலே திரண்டிருந்த மக்களிடம், ஒற்றைக் கைத் தளபதி தயங்கித் தயங்கிச் செய்தியைச் சொன்னார். கூட்டம் கொந்தளித்தது. ஒரு பெண் துயரப் பாட்டொன்றைத் தொடங்கினாள். அனைவரும் சேர்ந்து பாடினர். பகைமையை மறந்து பண்ணையாரை மன்னியுங்கள் என்றார் ஹோவர்டு.

அந்த மக்களின் குழு அவருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. தோழர்களே, அதன் கருத்தைக் கவனியுங்கள். போரிலே நீங்கள் இழந்தது உங்கள் வலக்கை, நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி 39 கசையடி கொடுத்தவனை, என் தாயையும் சகோதரியையும் அடித்தவனை, அவன் சொன்ன கூலிக்கு அவன் வயலில் உழைத்தாலொழியத் தன் காலிக் குடிசையில்கூட என்னை இருக்க விடாதவனை நான் எப்படி மன்னிப்பேன்? இதுதான் அவர்கள் கேட்டது.

பக்தர் மன்னிக்கச் சொன்னார். பாட்டாளி நிலத்தைக் கேட்டான். யார் பக்கம் நியாயம்? பாட்டாளியின் பக்கமே! ஆணையை ஏற்காமல் பதவியை வீசி எறிந்திருக்கலாமே என்று ஹோவர்டை நாமும் கேட்கிறோம். அவர் எறியவில்லை. நிலம் போயிற்று.

ஆனால், இருந்த பதவியிலே அவர் செய்தது என்ன? பள்ளி திறந்தார். போன இடமெல்லாம் பள்ளி திறந்தார். பகலிலே பிள்ளைகள் படித்தார்கள். மாலையிலே, வேலை முடித்து வந்த தகப்பனும் பாட்டனும் அதே பலகையில் அமர்ந்து எழுத்துக் கூட்டினார்கள். பொறுத்தார்களா ஆதிக்கக்காரர்கள்? 1866 மே மாதம் மெம்பிஸ் நகரிலே வெறியாட்டம் நடத்தி 46 கருப்பரைக் கொன்றார்கள். 12 பள்ளிகளைக் கொளுத்தினார்கள். பள்ளியைக் கொளுத்துகிறான் என்றால் எதைக் கண்டு அஞ்சுகிறான்? துப்பாக்கியைக் கண்டல்ல, பலகையைக் கண்டு! எரிந்த இடத்தில் மீண்டும் எழுப்பினார்கள். 1870-க்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகள் நடந்தன.

1868-இல் அட்லாண்டாவிலே ஒரு பள்ளிக்குச் சென்றார் ஹோவர்டு. வடக்கே உள்ள பிள்ளைகளுக்கு உங்களைப் பற்றி என்ன சொல்லட்டும் என்று கேட்டார். அடிமையாய்ப் பிறந்த சிறுவன் ஒருவன் எழுந்தான். நாங்கள் எழுந்து கொண்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள் என்றான். ரிச்சர்டு ரைட் என்ற அந்தச் சிறுவன் பின்னாளில் ஒரு கல்லூரியின் தலைவரானான். சொன்னபடியே எழுந்தான்!

1867 மார்ச் 2-இல் வாஷிங்டன் பல்கலைக் கழகத்துக்குச் சட்டம் பிறந்தது. முதல் வகுப்பு நடந்த இடம், முன்பு பீர் விற்று நடனம் நடத்திய வாடகைக் கூடம். முதலில் வந்து சேர்ந்த மாணவியரோ, நிறுவியவர்கள் வீட்டு வெள்ளைச் சிறுமியர்! நிறமும் இல்லை, ஆண் பெண் பேதமும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு? 1869 முதல் 1874 வரை ஹோவர்டே அதன் தலைவராக இருந்தார். 1872-இல் அங்கே சட்டம் பயின்று வெளிவந்த சார்லட் ரே, அமெரிக்காவின் முதல் கருப்பினப் பெண் வழக்கறிஞர். ஹோவர்டு வழிபட்ட தேவாலயத்திலேயே, கருப்பரை உறுப்பினராகச் சேர்க்கலாமா என்று பூசல் கிளம்பியது. சேர்த்தே தீரவேண்டும் என்று நின்றார் அவர். மறுத்த பாதிரியார் வெளியேறினார். பணத்தைச் சூறையாடினார் என்று ஹோவர்டின்மேல் பழி சுமத்தினார்கள். 1874-இல் விசாரணை மன்றம் குற்றமற்றவர் என்றது.

இத்தோடு நிறுத்தினால் புகழ்மாலை ஆகிவிடும். நாம் நிறுத்த மாட்டோம். 1877-இல் அதே ஹோவர்டு, நெஸ் பெர்ஸ் என்னும் செவ்விந்தியக் குடியினரை, 30 நாளில் பூர்வீக நிலத்தை விட்டு வெளியேறுங்கள் என்று விரட்டினார். எதிர்த்துப் பேசிய பெரியவரைச் சிறையில் வைத்தார். பெண்களும் குழந்தைகளுமாக ஓடியவர்களை ஆயிரம் மைலுக்கு மேல் துரத்தினார். கனடா எல்லையை நெருங்கிய வேளையில் தலைவர் ஜோசப் சரணடைந்தார். அவர்களுடைய பள்ளத்தாக்கைப் பறிப்பது பெருந்தவறு என்று முன்னர் எழுதியவரே ஹோவர்டுதான்! தவறென்று தெரிந்தும் ஆணை வந்தது, அடி பணிந்தார்.

எடிஸ்டோவிலும் ஆணை. இங்கும் ஆணை. நல்ல மனம் படைத்தவர்தான். ஆனால் ஆணையிடும் நாற்காலியிலே நியாயம் இல்லாவிட்டால், நல்லவன் கையும் ஏழையின் நிலத்தைப் பிடுங்கத்தான் பயன்படும். ஆகவேதான், ஆள்பவர் யார் என்பதிலே உழைப்பவன் கண்ணாயிருக்க வேண்டும் என்கிறோம். அருளாளர் எவரேனும் வந்து காப்பார் என்று காத்திருப்பது பேதைமை.

இன்னொன்றும் தெரிகிறது. கொடுத்த நிலத்தை ஒரே ஆணையால் பறித்தார்கள். கற்ற எழுத்தைப் பறிக்க எந்த ஆணையாலும் முடியவில்லை. அந்த எழுத்து 1933-இல் மார்ஷலை வழக்கறிஞராக்கிற்று; 1954-இல் பள்ளிக் கதவை உடைத்தது; 1967-இல் அவரையே உச்சநீதிமன்ற நாற்காலியில் அமர்த்திற்று. கல்வி கிடைத்ததே, நிலம் எதற்கு என்பவன் ஏமாற்றுகிறான். நிலம் வரட்டும், பிறகு படிக்கலாம் என்பவன் ஏமாறுகிறான். இரண்டும் வேண்டும்!

வலக்கை போனபின் இடக்கையால் எழுதக் கற்றார் ஹோவர்டு. முதுமையிலும் ஓயாமல், மலைநாட்டு ஏழைப் பிள்ளைகளுக்காக 1897-இல் டென்னசியில் லிங்கன் பெயரால் இன்னொரு பல்கலைக் கழகம் எழத் துணை நின்றார். அவர் திறந்த கதவுகளுக்காக வணங்குகிறோம். அடைத்த கதவுகளுக்காக வருந்துகிறோம். எடிஸ்டோ மக்களின் கடிதத்தையோ, ஒரு நாளும் மறவோம்!