கடல் கடந்தும் தொடரும் துண்டு

ஒரு நாட்டைவிட்டு வெளியேறிய மனிதன் வெளியேறியவனே. இதனை மறுப்பார் உலகில் உளரோ என்று நம் வாசகர்கள் கேட்கலாம். உளர். வளைகுடா நாடுகளில் நம்மவரை வேலைக்கமர்த்தும் எசமானருட் பலர் இதனை மறுக்கின்றனர். அவர்கள் எழுதிக்கொடுப்பதை அப்படியே ஏற்கும் அலுவலகங்களும் மறுக்கின்றன. வேலை செய்தவன் பெட்டியைக் கட்டி, விமானமேறி, கட்டுநாயக்காவில் இறங்கி, யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஹற்றனிலோ தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மாதங்கள் பல கழிந்த பின்னரும், அங்குள்ள ஏட்டிலே அவன் இன்னாருடைய ஆள் என்றே எழுதப்பட்டிருக்கிறது. அவனுடைய வேலை அனுமதிப்பத்திரத்தை எவரும் இரத்துச் செய்யவில்லை. ஆள் இங்கே, அவனது பெயர் அங்கே கட்டுண்டு கிடக்கிறது.

இது ஒரு சிறு கடதாசி விவகாரம் என்று எண்ணுவோர் ஏமாந்து போவர். வயலை ஈடுவைத்தும், தாலிக்கொடியை அடகுவைத்தும் மகனை அனுப்பிய கமக்காரனும், பட்டமும் அனுபவமும் பெற்றுத் துபாயிலும் தோகாவிலும் தொழில் தேடிய பொறியியலாளனும் கணக்காளனும் இந்த ஒரே கண்ணியிற் சிக்குகின்றனர். ஆகவே இதன் வயணத்தை முதலிற் கூறிவிட்டு, பின்னர் எமது குற்றச்சாட்டைக் கூறுவோம்.

கண்ணியின் அமைப்பு

ஐக்கிய அரபு இராச்சியத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே வேலை செய்பவனுக்கு இரண்டு அனுமதிகள் உண்டு. ஒன்று, தொழில் அமைச்சு வழங்கும் வேலை அனுமதி. மற்றது, குடிவரவுப் பகுதியார் வழங்கும் வதிவிட அனுமதி. பொதுவாக, வதிவிட அனுமதி பெற்றவன் தொடர்ந்து ஆறு மாதங்களுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் அது செல்லாமற் போகும். இதைக் கேள்விப்பட்ட நம்மவர் பலர், “ஆறு மாதம் போனால் எல்லாம் தானாகவே தீர்ந்துவிடும்” என்று நிம்மதியாக இருந்துவிடுகின்றனர். ஆனால் வதிவிட அனுமதி வேறு, வேலை அனுமதி வேறு. முன்னது காலாவதியானதால் பின்னது அமைச்சின் ஏட்டிலிருந்து அழிந்துவிட்டதென்று கொள்வது தவறு. வேலை அனுமதியை இரத்துச் செய்ய விண்ணப்பிக்க வேண்டியவர் எசமானர். அவர் வாளாவிருந்தால் அது கிடக்கும். பின்னர் ஒருநாள் வேறொரு கொம்பனி நல்ல சம்பளத்துக்கு அழைக்கும்போது, “இவர் பெயரில் முன்னரே ஓர் அனுமதி இருக்கிறது” என்ற பதில் வந்து வழியை மறிக்கும்.

அதனினும் கொடியது மற்றொன்று உண்டு. வேலைக்கு வரவில்லை, இருக்குமிடமும் தெரியவில்லை என்று எசமானர் முறைப்பாடு செய்துவிட்டால், விடுமுறையில் வீடு வந்தவன் ஒரு நொடியில் “தலைமறைவானவன்” ஆகிவிடுகிறான். நியாயமான காரணமின்றி ஒப்பந்தம் முடியுமுன் வேலையை விட்டவனுக்கு ஓராண்டு காலம் புதிய வேலை அனுமதி கிடையாதென்று அந்நாட்டின் 2021 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கத் தொழிற்சட்டம் விதிக்கிறது. சவூதி அரேபியாவிலோ, திரும்பிவரும் விசாவில் வெளியேறித் திரும்பாதவனுக்கென “சென்றார், திரும்பவில்லை” என்ற ஒரு தனிப் பதிவே உண்டு. அந்தப் பதிவு விழுந்தவனை மூன்றாண்டுகள் தடுத்து வைத்த விதி நெடுங்காலம் நடைமுறையில் இருந்து, 2024 இலேதான் தளர்த்தப்பட்டது. குவைத்திலே 2025 ஜூலை 1 முதல், தனியார் துறையில் வேலை செய்யும் பிறநாட்டார் நாட்டைவிட்டுப் புறப்படுவதற்கே எசமானரின் இணக்கத்துடன் கூடிய அனுமதி வேண்டுமென்று ஆக்கப்பட்டிருக்கிறது. கட்டார் 2018 இலும் 2020 இலும் அவிழ்த்த முடிச்சைக் குவைத் 2025 இலே போடுகிறது.

இந்த முடிச்சு புதிதன்று

இதனைப் படிக்கும் மலையகத் தமிழருக்கு ஒரு பழைய சொல் நினைவுக்கு வரும். அதுவே துண்டு. தோட்டத் தொழிலாளி ஒருவன் ஒரு தோட்டத்தைவிட்டு மறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், தன் கடன் இவ்வளவு என்று எழுதி, அதனைச் செலுத்தினால் இவனை விடுவிக்கச் சம்மதம் என்று துரை கொடுக்கும் துண்டைக் கையிற்கொண்டு போக வேண்டும். துண்டில்லாதவனைச் சேர்ப்பாரில்லை. கடன் கங்காணியின் கணக்கில். கணக்கு கங்காணியின் கையில். தொழிலாளியோ கணக்குப் படிக்கத் தெரியாதவன். அதற்குமுன் 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம், சொல்லாமல் வேலையைவிட்டு நீங்குவதைச் சிறைக்குரிய குற்றமாக்கியிருந்தது. துண்டு முறை 1921 இலே சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

நூறாண்டுகளுக்கு முன் பிரித்தானிய ஆட்சியே வெட்கி ஒழித்த முறையைப் பெயர் மாற்றி இன்று நம் பிள்ளைகள்மீது சுமத்துவதை நாம் எப்படிப் பொறுப்பது? கங்காணியின் இடத்திலே முகவர். துரையின் இடத்திலே எசமானர். துண்டின் இடத்திலே இரத்துச் செய்யப்பட்ட அனுமதி. அன்றைய துண்டு தோட்டத்தின் எல்லைவரை மட்டுமே ஆண்டது. இன்றைய துண்டோ கடல் கடந்து, தொழிலாளியின் சொந்த வீட்டுக்குள்ளும் வந்து அவனை ஆளுகிறது.

எசமானர் பக்கத்து வாதம்

எதிர்ப்பக்கத்தாரின் வாதத்தையும் நாம் மறைக்கப் போவதில்லை. “விசாவுக்கும் பிரயாணத்துக்கும் பணம் செலவு செய்து ஆளை எடுக்கிறோம். அவன் விடுமுறை என்று போய்த் திரும்பாவிட்டால் நட்டம் யாருக்கு?” என்கின்றனர். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குரிய விடை அவர்களது சட்டத்திலேயே இருக்கிறது. ஒப்பந்தத்தை முடிக்க விரும்புபவர் 30 நாட்களுக்குக் குறையாமலும் 90 நாட்களுக்கு மேற்படாமலும் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடாதவர் அக்காலத்துக்குரிய சம்பளத்தை மற்றவருக்கு ஈடாகச் செலுத்த வேண்டும். ஒப்பந்தத்தை மீறியவனிடம் அந்த ஈட்டைக் கேளுங்கள், வழக்கிடுங்கள், எமக்கு ஆட்சேபமில்லை. கடன்காரனிடம் கடனைக் கேட்பது நீதி. அவன் பிழைப்பையே பூட்டிவைப்பது பழிவாங்குதல். இரண்டையும் ஒன்றென்று சொல்பவர் நீதியின் பெயரைச் சொல்லத் தகுதியற்றவர்.

அன்றியும், கணக்குத் தீராமல் நிற்பது எப்போதும் தொழிலாளியின் பக்கத்திலேதானா? ஒப்பந்தம் முடிந்து 14 நாட்களுக்குள் சம்பளத்தையும் உரிய கொடுப்பனவுகள் யாவற்றையும் தீர்க்க வேண்டுமென்று அதே சட்டம் கூறுகிறது. ஓராண்டும் அதற்கு மேலும் சேவை செய்தவனுக்கு, முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்குமேல் ஆண்டொன்றுக்கு 30 நாள் அடிப்படைச் சம்பளமும் சேவைப்பணமாக உரியன. இதனைக் கொடுக்க மனமில்லாத எசமானருக்கு இரத்துச் செய்யாத அனுமதி ஒரு கவசம். ஆள் திரும்பவில்லை என்றால் சேவை முடியவில்லை என்பார். சேவை முடியவில்லை என்றால் பணமும் இல்லை என்பார்.

கையொப்பம் என்னும் சுருக்கு

இன்னொரு சுருக்கையும் வாசகர்கள் அறிந்திருத்தல் வேண்டும். வேலை அனுமதியை இரத்துச் செய்யும்போது, “எனக்குரிய எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டேன்” என்று தொழிலாளி கையொப்பமிட வேண்டும். காகிதத்திலே இது அவனுக்குப் பாதுகாப்பு. நடைமுறையிலோ, ஊருக்குப் போகும் அவசரத்தில் நிற்பவன் முன்னே இதனை நீட்டி, “ஒப்பமிட்டால் இரத்து, இல்லையேல் இழுபறி” என்கிறபோது பாதுகாப்பு பறிப்பாக மாறுகிறது. ஒப்பமிட்டால் பணம் போகிறது. ஒப்பமிடாவிட்டால் எதிர்காலம் போகிறது. தாயின் மரணச் செய்தி வந்து துடிக்கும் ஒருவன் எதனைத் தெரிவான்? ஒப்பமிட்டு அழுவான், அல்லது ஒப்பமிடாமல் விமானமேறுவான். பின்னவனையே நாளை “தலைமறைவானவன்” என்று எழுதுவார்கள்.

2020 ஆம் ஆண்டிலே பெருந்தொற்று வந்தபோது, சம்பள பாக்கியுடனும் முடிவு தெரியாத அனுமதியுடனும் ஊர் திரும்பியோர் பலர். அவர்கள் ஓடிப்போனவர்களா? வேலைத்தலம் மூடப்பட்டு, விமானம் எப்போது வருமென்று காத்திருந்து வந்தவர்களை ஓடிப்போனவர்கள் என்று அழைக்க எவருக்கு நாக்கு எழும்?

நமது அரசாங்கம் என்ன செய்கிறது?

எமது கோபம் வளைகுடா எசமானரோடு நின்றுவிடவில்லை. 2022 ஏப்ரலிலே வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென்று கொழும்பு கைவிரித்தது. அவ்வாண்டு 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்காக வெளிநாடு சென்றனர். அவ்வாண்டில் 380 கோடி டொலர் அளவிலிருந்த அவர்களது பணம் 2024 இலே 650 கோடி டொலரைத் தாண்டியது. எரிபொருட் கப்பலுக்கும் மருந்துக்கும் உதவியது அந்த வியர்வைப் பணம். டொலர் வரும்போது அவர்கள் “நாட்டின் வீரர்கள்”. டொலர் அனுப்பிய கை கட்டுண்டு திரும்பி வரும்போது அவர்கள் யார்?

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்டது. புலம்பெயர் தொழிலாளரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையில் இலங்கை 1996 இலேயே சேர்ந்துகொண்டது. வளைகுடா அரசுகளில் ஒன்றேனும் இன்றுவரை அதில் சேரவில்லை. சேராதவரிடமிருந்து உரிமையைப் பெற வேண்டுமானால் இருநாட்டு ஒப்பந்தத்தினாலேயே பெற முடியும். ஆளை அனுப்பும் எண்ணிக்கையைப் பேசும் மந்திரிகள், ஆள் திரும்பி வரும் முறையையும் அதே மேசையில் பேசியிருக்க வேண்டாமா?

நாம் கோருவன இவை. தொழிலாளி நாட்டைவிட்டு வெளியேறி ஒரு குறித்த காலம் கழிந்ததும், எசமானரின் தயவின்றியே அவனது வேலை அனுமதி முடிவுற வேண்டும் என்பது ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் எழுதப்படல் வேண்டும். தலைமறைவு முறைப்பாடு செய்யப்பட்டால், அச்செய்தி நமது தூதரகத்தின் மூலம் தொழிலாளிக்கு அறிவிக்கப்பட்டு, அவன் பதில் கூறியபின்னரே அது ஏற்கப்படல் வேண்டும். ஊர் திரும்பியவன் கொழும்புக்கு அலையாமல், தன் மாவட்டத்திலேயே முறைப்பாட்டையும் அற்றோர்ணித் தத்துவத்தையும் எழுதிக்கொடுத்து வழக்கை நடத்த வசதி வேண்டும். இவை யாவும் தமிழில் நடைபெறல் வேண்டும். தமிழும் அரசகரும மொழியென்று 1987 இலே அரசியலமைப்பில் எழுதப்பட்டது. அது காகிதத்துக்காக எழுதப்பட்டதா, மக்களுக்காக எழுதப்பட்டதா என்பதைத் தன் மொழியிலே பதிலை எதிர்பார்க்கும் இத்தொழிலாளியின் மேசையிலே நிரூபிக்கட்டும்.

நம்மவர்க்கு ஒரு சொல்

அரசாங்கத்தைச் சாடுவதோடு எமது கடமை முடிந்துவிடாது. திரும்பும் எண்ணமின்றி விடுமுறை என்று சொல்லிப் புறப்படுவது கெட்டித்தனமன்று. எதிரியின் கையில் நாமே கொடுக்கும் ஆயுதம். விலக எண்ணியவர் முன்னறிவித்தலை எழுத்திலே கொடுத்து, அதன் பிரதியைத் தம்மிடம் வைத்திருக்க வேண்டும். ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, விடுமுறைக் கடிதம், கடவுச்சீட்டில் வெளியேறிய முத்திரை ஆகியவற்றின் பிரதிகளை வீட்டில் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். பணம் கைக்கு வருமுன் பெற்றேன் என்று ஒப்பமிடலாகாது. கடவுச்சீட்டைப் பிடித்துவைப்பதும், ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் அறவிடுவதும் அமீரகச் சட்டத்திலேயே தடுக்கப்பட்டவை என்பதை அறிந்திருக்க வேண்டும்.

முன்னரே வந்துவிட்டவர்கள் காலத்தை வீணாக்கலாகாது. பழைய எசமானருக்கு எழுத்தில் கோரிக்கை அனுப்புங்கள். பதிலில்லையேல் அங்குள்ள தொழில் அமைச்சிலும், நமது தூதரகத்தின் தொழிற்பிரிவிலும் முறையிடுங்கள். 50,000 திர்ஹாமுக்கு மேற்படாத பிணக்குகளைத் தீர்க்க 2024 முதல் அந்த அமைச்சுக்கே அதிகாரமுண்டு. உரிமைக் கோரிக்கைக்கு முன்பு ஓராண்டாக இருந்த தவணை, 2024 ஆம் ஆண்டின் திருத்தத்தினால், வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டாண்டாக நீட்டப்பட்டிருக்கிறது. இரண்டாண்டு நீண்டதாகத் தோன்றும். நெல் இரண்டு போகம் விளைவதற்குள் அதிற் பாதி போய்விடும்.

நமது சட்டத்தரணிகளுக்கும் ஒரு விண்ணப்பம். காணி வழக்குக்கும் கடன் வழக்குக்கும் கொடுக்கும் நேரத்தில் மாதத்தில் ஒரு நாளை இவர்களுக்குக் கொடுங்கள். ஒரு கடிதத்தைச் சரியாக எழுதத் தெரியாததனால் ஒரு குடும்பம் ஈடுவைத்த வயலை இழப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது படித்தவர்க்கு அழகன்று.

எந்த நாட்டைவிட்டும் வெளியேறவும், தன் நாட்டுக்குத் திரும்பவும் ஒவ்வொரு மனிதனுக்கும் உரிமை உண்டென்று 1948 இலே உலகம் பிரகடனம் செய்தது. அதே 1948 இலேதான் இந்நாட்டுச் சட்டம் மலையகத் தமிழரின் குடியுரிமையை ஒரு கடதாசியினாற் பறித்தது. கடதாசி மனிதனைவிடப் பெரிதாகும் போது என்ன நேருமென்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அனுபவித்தவர் நாம். அந்த அனுபவம் உள்ள மக்கள், தம் பிள்ளைகளின் பெயர் அயல்நாட்டு ஏட்டில் அடிமையாகக் கிடக்க வாய்மூடி இருப்பார்களேயானால், பின்னர் எந்த அநீதியை எதிர்த்தும் வாய்திறக்கும் தகுதியை இழந்துவிடுவார்கள். துண்டை ஒருமுறை கிழித்தோம். மறுமுறையும் கிழிப்போம்.