தேடினால் கிடைக்காது

“எதுக்கு சார் ஃபோல்டரெல்லாம்? சர்ச் பண்ணா வந்துடும்.” எழுத வரும் இளைஞர்கள் எல்லாரும் இதையே சொல்கிறார்கள். நான் குடியிருப்பது ரமணாசிரமத்தின் பக்கம், செங்கம் ரோட்டை ஒட்டி. தேடல் என்ற சொல் இங்கே இட்லியைவிட மலிவு. இருந்தும் சொல்கிறேன்: மின்னஞ்சலில் தேடல் என்பது சோம்பேறித்தனத்துக்கு வைத்த கௌரவமான பெயர்.

இந்தப் பேச்சு யாருடையது? 2004 ஏப்ரல் 1 அன்று 1 ஜிபி இடத்தோடு ஜிமெயில் வந்தபோது, அடுக்க வேண்டாம், தேடினால் போதும் என்பதைத்தான் கூவி விற்றது. ஒரு கம்பெனியின் விளம்பரத்தை இருபது வருஷமாக நம்முடைய சொந்த ஞானம்போல ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

தமிழில் அது அரை உண்மைகூட இல்லை. யூனிகோடுக்கு முந்தைய மடல்கள் பல திஸ்கியில் இருக்கின்றன. இன்றைய கீபோர்டில் ‘கதை’ என்று தட்டினால் அவை அகப்படாது. பெட்டிக்குள் இருந்தும் இல்லாதவை. சரி, உங்களிடம் அவ்வளவு பழைய மடல் கிடையாது. ‘நன்றி’யை ரோமன் எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்? ஒருவர் ‘டி’ சேர்ப்பார், இன்னொருவர் சேர்க்கமாட்டார். கையால் எழுதியதை போட்டோ எடுத்து, தலைப்பில் ‘வணக்கம்’ என்று மட்டும் போட்டு அனுப்புகிற பெரியவரை எந்தச் சொல்லால் தேடுவீர்கள்? நினைவில் இருப்பதைத்தான் தேட முடியும். மறந்துபோனதுதானே தொலைந்தது?

சூரி நாகம்மா 1945 முதல் இந்த ஆசிரமத்திலிருந்து அண்ணனுக்குத் தெலுங்கில் எழுதிய கடிதங்கள் இன்று புத்தகமாக இருக்கின்றன. ஒருவர் ஒருவருக்கு எழுதியது, தேதி வரிசையில். ஃபோல்டர் என்றால் அவ்வளவுதான். கு. அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்களும் இப்படி ஒரு கட்டாகத்தான் நமக்கு வந்தன. உ.வே.சா. தனக்கு வந்த கடிதங்களைப் போட்டுவைத்திருந்ததால்தான் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘கடிதக் கருவூலம்’ பதிப்பிக்க முடிந்தது. உங்கள் ஆசிரியர் உங்கள் முதல் கதையைக் கிழித்துத் தொங்கவிட்ட மடல் எங்கே கிடக்கிறது? ஸ்விக்கி ரசீதுக்கும் ஓடிபிக்கும் நடுவில். இரண்டு வருஷம் தொடாத கணக்கை அழிக்கலாம் என்பது 2023 டிசம்பரிலிருந்து கூகுள் நடைமுறை. எழுதுகிறவர் செத்துப்போனால் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும்?

நான் பயன்படுத்துவது மட். 1995-ல் மைக்கேல் எல்கின்ஸ் எழுதிய நிரல். கறுப்புத் திரை, வெறும் எழுத்து, மவுஸ் வேலை கிடையாது. எம்பிசிங்க் என்ற இன்னொரு நிரல் மடல்களை என் கணினிக்கு இறக்கித் தருகிறது. மெயில்டிர் என்ற முறையில் ஒரு மடல் ஒரு கோப்பு. ஃபோல்டர் என்பது வட்டில் இருக்கும் நிஜமான ஃபோல்டர், பென் டிரைவில் போட்டு யாரிடமும் கொடுக்கலாம். மடலைப் படித்து முடித்ததும் ‘எஸ்’ விசையை அழுத்தினால், எங்கே போடட்டும் என்று கேட்கும். அனுப்பியவர் பெயரையே அதுவாக முன்மொழியும். அந்த ஒரு விநாடி யோசிக்கிறோம் பாருங்கள் — இது எனக்கு யார், இது எதைப் பற்றியது என்று — அதைத்தான் தேடல் பெட்டி நம்மிடமிருந்து பறித்துக்கொண்டது.

தொல்லை இல்லையா? இருக்கிறது. டெர்மினலில் தமிழ் ஒழுங்காக வராது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், வரிசை கோணிக்கொள்ளும். ஐமேப்பில் தமிழில் ஃபோல்டர் பெயர் வைத்தால் வட்டில் அது ‘&’ குறியில் தொடங்கும் புரியாத எழுத்தாக வந்து விழலாம்; அதனால் பெயர்களை மட்டும் ரோமன் எழுத்தில் வைத்திருக்கிறேன். ஜிமெயிலில் ஒரே மடலுக்கு இரண்டு லேபிள் ஒட்டினால் இரண்டு முறை இறங்கும். லேபிளே ஒட்டாமல் ஆர்கைவ் செய்தவை ‘ஆல் மெயில்’ பெட்டியில் மட்டும்தான் இருக்கும். அதை விட்டுவிட்டால் அவை வராமலே போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போகும், போகட்டுமே. மலை சுற்ற வருகிறவர்கள் பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலோடு நடக்கிறார்கள்.

என்னிடம் இப்போது பதினொரு ஃபோல்டர்கள். பெரும்பாலும் ஆட்களின் பெயர்கள். கணக்குவழக்குக்கு ஒன்று, சண்டைகளுக்கு ஒன்று. ‘பிறகு’ என்று மட்டும் ஒன்று வைக்கவில்லை. வைத்தால் எல்லாமே அதற்குள் போய்விடும்.