பிரேக் கம்பியும் பிருடையும்

“வீணை வாங்க வசதி உள்ளவன் வாசிக்கட்டும், இல்லாதவன் கைப்பேசியில் கேட்டுக்கொள்ளட்டும்” என்றார் என் வகுப்பு நண்பர் ஒருவர். நான் செய்திருந்த கருவியைப் பார்த்துவிட்டு வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆயினும் அச்சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. கடையில் வாங்காத உறுப்புகளைக் கொண்டு செய்த கருவி இசைக்கருவியே ஆகாதா? ஆகும் என்பது என் துணிபு.

முதலில் நம் இலக்கியத்தைக் கேட்போம். பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் வருகிறான். தீக்கடைகோலின் நெருப்பால் துளையிட்டுத் தானே ஒரு குழல் செய்து பாலைப்பண் ஊதுகிறான். அது சலித்ததும் குமிழ மரத்தின் உட்டுளைக் கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து குறிஞ்சிப்பண் இசைக்கிறான். மேய்ச்சல் காட்டில் கைக்குக் கிடைத்ததே அவனுக்குக் கருவி! கடியலூர் உருத்திரங்கண்ணனார் அவனை எள்ளவில்லை. தொண்டைமான் இளந்திரையனைப் புகழும் பாட்டிலேயே அவனுக்கும் இடம் தந்தார்.

சங்க காலத்துச் சான்று போதாது என்பார்க்கு அண்மைக் காலத்துச் சான்றும் உண்டு. 1963-இல் இலண்டனில் பிரையன் மே என்ற பள்ளி மாணவர் தம் தந்தையுடன் சேர்ந்து ஒரு கித்தார் செய்யத் தொடங்கினார். பழைய கணப்படுப்பின் மரச்சட்டம், மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங் இரண்டு, ஒரு கத்தியின் விளிம்பு, பின்னல் ஊசியின் நுனி, சட்டைப் பொத்தான்கள் ஆகியவையே அதன் உறுப்புகள். ‘குவீன்’ குழுவின் புகழ்பெற்ற இசைத்தட்டுகளில் ஒலிப்பது அக்கருவிதான். அவரும் நம்மைப் போல் இயற்பியல் மாணவர். 2007-இல் வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். நம் ஊர்த் திருவிழாக்களில் வாசிக்கும் புல்புல்தாராவைப் பாருங்கள்! 1912-இல் ஜப்பானின் நகோயா நகரில் கோரோ மோரிடா என்பவர் தட்டச்சுப் பொறியின் விசைகளைக் கம்பிகளின்மேல் பொருத்திச் செய்த கருவியின் வழித்தோன்றல் அது. இன்று அதைப் பார்த்து “இது தட்டச்சுப் பொறி” என்று யாரும் சிரிப்பதில்லை.

இனி என் கருவிக்கு வருகிறேன். முத்தியால்பேட்டையில் என் அப்பாவுக்குச் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. ஆகவே எனக்குக் குமிழங்கொம்பும் மரல் நாரும் அங்கேயே கிடைத்தன. உடைந்த கட்டில் சட்டம் தண்டியாயிற்று. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பொறுக்கிய பிஸ்கட் டின் குடமாயிற்று. ஸ்போக்ஸ் கம்பியை வெட்டி மெட்டுகளாகப் பதித்தேன். மெட்டுகளுக்கு இடம் குறிக்கக் காது போதவில்லை, கணக்கு உதவியது. எஞ்சிய கம்பி நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.8-ஆல் வகுத்து, வரும் அளவு தள்ளி அடுத்த மெட்டை வைக்க வேண்டும். 60 செ.மீ. கம்பிக்கு முதல் மெட்டு ஏறத்தாழ 3.4 செ.மீ. தள்ளி அமையும், பன்னிரண்டாம் மெட்டு சரியாக 30 செ.மீ.யில், பாதியில், வந்து நிற்கும். அப்படி நின்றபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைத் தேர்வு முடிவுகள்கூடத் தந்ததில்லை.

பிருடைதான் பெரும்பாடு. மரத்தைக் கடைந்து துளையில் இறுகப் பொருத்தும் கைத்திறன் தஞ்சைக் கைவினைஞருடையது, எனக்கு ஏது? ஸ்போக்ஸ் கம்பியின் மரையையும் நிப்பிளையும் பிருடைக்குப் பதிலாக வைத்தேன். நிப்பிளை ஒரு முழுச்சுற்று திருப்பினாலும் கம்பி அரை மில்லிமீட்டர்கூட நகராது. கால் சுற்றுக்குச் சுருதி ஓர் அரைச்சுர அளவுகூட ஏறாது. இவ்வளவு நுட்பமாகச் சுருதி கூட்டும் உறுப்பு ஒவ்வொரு சைக்கிள் சக்கரத்திலும் இருக்கிறது! சக்கரத்தின் கோட்டத்தை அப்பா நிமிர்த்துவதும் ஒருவகைச் சுருதி சேர்ப்புதானே. அவரும் ஸ்போக்ஸைத் தட்டி ஓசை கேட்டுத்தான் முறுக்குகிறார்.

ஆனால் ஒரு தவற்றை மறைக்க மாட்டேன். கம்பியிலும் சிக்கனம் பார்த்தேன். பிரேக் கேபிளைப் பிரித்து ஓர் இழையை எடுத்துக் கட்டினேன். முறுக்கிலிருந்து பிரிந்த இழை நேராக நிற்கவில்லை, அலையலையாக இருந்தது. தடிப்பும் வளைவும் சீராக இல்லாத கம்பி எந்த மெட்டிலும் உண்மைச் சுரம் பேசாது. மேலும் இறுக்கினேன். 0.3 மி.மீ. எஃகுக் கம்பியை 60 செ.மீ. நீளத்தில் 200 அதிர்வெண்ணுக்குக் கொணரவே மூன்று கிலோவுக்கு மேற்பட்ட இழுவிசை வேண்டும்; ஒரு ஸ்தாயி உயர்த்த அதைப்போல் நான்கு மடங்கு. கணக்குத் தெரிந்தும் பேராசை விடவில்லை. போல்ட்டின் கூர்முனையில் கம்பி அறுந்து என் கண்ணுக்குக் கீழே கீறிவிட்டது. அப்பா மஞ்சள் வைத்துக்கொண்டே, “பிரேக்கு கம்பி வண்டிய நிறுத்தறதுக்குடா, பாடறதுக்கு இல்ல” என்றார்.

அன்றிலிருந்து என் கருத்து இது: தண்டி, குடம், மெட்டு, பிருடை எதையும் மாற்றுப் பொருளால் செய்யலாம், கம்பியை மட்டும் இசைக்கருவிக் கடையில் வாங்குங்கள். கருவியிலேயே விலை குறைந்த உறுப்பு அதுதான். கம்பி படும் விளிம்புகளையெல்லாம் அரத்தால் ராவி மழுக்குங்கள்.

குதிரையிலோ ஓர் அரிய பாடம் இருக்கிறது. கம்பியை நட்டநடுவில் மீட்டினால் இரட்டைப்படைச் சீரிசைகள் எழக்கூடாது என்பது பாடநூல் விதி. வீணையும் தம்புராவும் இவ்விதிக்கு அடங்குவதில்லை என்றும், வளைந்த பரப்புடைய குதிரையே அதற்குக் காரணம் என்றும் சர் சி.வி. இராமன் 1921-இல் எழுதினார். ஒரு பழைய பித்தளைக் கரண்டியின் காம்பைத் தட்டி, சற்றே வளைவாக்கிக் குதிரையின்மேல் வைத்துப் பார்த்தேன். தகர டப்பாவின் மொட்டை ஒலியில் ஒரு ரீங்காரம் வந்து சேர்ந்தது. வீணையின் நாதம் வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கமகம் பிடித்தால் டின் கடகடக்கிறது.

நம் ஆய்வுக்கூடத்தில் சுரமானியில் எடைகளைத் தொங்கவிட்டு, எண்களைக் குறித்து, பதிவேட்டில் கையொப்பம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறோம். வாரத்தில் ஒரு மாலை, விரும்பும் மாணவர்க்கு அக்கூடத்தைத் திறந்துவிட்டால் என்ன? ஓர் அரமும் ஒரு பட்டறைப் பிடியும் போதும். மற்ற உறுப்புகளை நாங்களே பொறுக்கி வருவோம். இயற்பியல் துறை ஆசிரியப் பெருமக்கள் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டுகிறேன். முதல் மாலைக்கு என் கருவியைக் கொண்டுவரச் சித்தமாயிருக்கிறேன். மூன்றாவது கம்பியின் நிப்பிள் மட்டும் துருப்பிடித்து இறுகிவிட்டது; அதற்குச் சிறிது மண்ணெண்ணெய் வேண்டும்.