வலியை நம்புவதும் வைத்தியம்தான்!

காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் சொல்லிவிடும். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரேயில் தெரியும். ரத்தக் கொதிப்புக்கும், சர்க்கரைக்கும் கருவி இருக்கிறது. இடுப்பு வலிக்கு என்ன இருக்கிறது? நாம் வாய் திறந்து சொல்வது ஒன்றுதான்!

2020-ம் ஆண்டுக் கணக்குப்படி உலகத்தில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம். இதில் 10 பேரில் 9 பேருக்கு, இன்ன காரணத்தால்தான் வலி என்று குறிப்பிட்டுச் சொல்லவே முடியாதாம். ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, 'ஒண்ணும் இல்லையேம்மா' என்று அனுப்பி வைக்கப்பட்ட சகோதரிகளுக்கு இது நன்றாகவே புரியும். படத்தில் ஒன்றும் இருக்காது. இடுப்பில் மட்டும் வலி இருக்கும்!

அதனால் இந்த வியாதியில், நாம் சொல்வதை டாக்டர் நம்புகிறாரா, இல்லையா என்பதுதான் முதல் வைத்தியம். அந்த நம்பிக்கையும் ஆளைப் பார்த்து, நிறத்தைப் பார்த்துக் கிடைத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு நடப்பதைப் படித்தபோது மனசு ஆறவில்லை.

இடுப்பு வலியாவது கண்ணுக்குத் தெரியாதது. எலும்பு முறிவு அப்படியா? அட்லாண்டா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவுக்குக் கை, கால் எலும்பு முறிந்து வந்தவர்களைப் பற்றி 2000-ம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியானது. வெள்ளையர்களில் 100-க்கு 74 பேருக்கு வலி மருந்து கொடுத்திருக்கிறார்கள். கறுப்பினத்தவரில் 57 பேருக்குத்தான். எக்ஸ்ரே சாட்சி சொல்லும்போதே இந்தக் கதி என்றால், வாய்ச் சொல்லைத் தவிர வேறு சாட்சியே இல்லாத இடுப்பு வலிக்காரர் பாடு என்ன ஆகும்?

இது நேற்று முளைத்த விஷம் அல்ல. 1840-களில் அலபாமா மாநிலத்தில் மேரியன் சிம்ஸ் என்ற டாக்டர், பிரசவத்தில் சதை கிழிந்து சிறுநீர் ஒழுகும் கொடுமைக்கு ஆபரேஷன் கண்டுபிடித்தார். யாரை வைத்துத் தெரியுமா? அடிமைப் பெண்களை வைத்து, மயக்க மருந்து கொடுக்காமல்! அனார்கா என்ற பெண்ணுக்கு மட்டும் சுமார் 30 முறை கத்தி வைத்தாராம். அவரைத்தான் பெண்கள் வைத்தியத்தின் தந்தை என்று கொண்டாடினார்கள். நியூயார்க் பூங்காவில் நின்ற அவருடைய சிலையை 2018-ல்தான் எடுத்தார்கள்.

சிலையை எடுத்துவிட்டார்கள், சரி. மனசில் இருப்பதை எடுத்தார்களா? 2016-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் வெள்ளையின மருத்துவ மாணவர்கள், பயிற்சி டாக்டர்கள் 222 பேரிடம் கேட்டுப் பார்த்தார்கள். 'கறுப்பர்களுக்குத் தோல் தடிமன்', 'அவர்களுக்கு நரம்பு உணர்ச்சி குறைவு' என்பது போன்ற கட்டுக்கதைகளில் ஒன்றையாவது சுமார் பாதிப் பேர் நம்பினார்களாம். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். சொன்ன வைத்தியமும் பிசகியது. படித்த பிள்ளைகளே இப்படி!

இதைப் படிக்கும் நமக்கு ஒரு பழைய பேச்சு ஞாபகம் வரவில்லையா? 'பொம்பளைன்னா வலியைத் தாங்கிக்கணும்' என்பது! 'அவங்களுக்கு வலிக்காது' என்று ஒதுக்குவதும், 'நீ தாங்குவே' என்று புகழ்வதும் ஒன்றுதான். இரண்டிலும் வைத்தியம் கிடைக்காது.

'டாக்டருக்குக் கைராசி இருந்தால் போதாதா? சிரித்துப் பேசினால் வலி போய்விடுமா?' என்று சிலர் கேட்கலாம். அதற்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,470 பேரை 12 மாதம் தொடர்ந்து கவனித்து, 2024-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தங்கள் டாக்டர் பரிவோடு காது கொடுத்துக் கேட்கிறார் என்று சொன்னவர்களுக்கு வலியும் குறைவு, நடமாடுவதில் கஷ்டமும் குறைவு. வலி மாத்திரை, ஆபரேஷன் இவற்றோடு ஒப்பிட்டபோதுகூட, அந்தப் பரிவின் பலன்தான் பெரிதாகத் தெரிந்ததாம்!

'வலி குறைந்ததால் டாக்டரைப் பிடித்ததோ, என்னவோ' என்று குறுக்குக் கேள்வி கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிமுறை வெளியிட்டது. உடற்பயிற்சி செய்யுங்கள், வலியைப் பற்றி நோயாளிக்கு விளக்கிச் சொல்லுங்கள், மனத்துக்கும் ஆலோசனை கொடுங்கள் என்கிறது. இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுப்பது, அபின் வகை மாத்திரை இதெல்லாம் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. (எங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு பெல்ட் கிடக்கிறது!)

ஆக, மாத்திரை குறைவாகக் கொடுத்தது மட்டும் இங்கே பிரச்னை அல்ல. மாத்திரைச் சீட்டு எழுத ஒரு நிமிடம் போதும். பயிற்சியைச் சொல்லித் தந்து, பயத்தைப் போக்கி, 'வலி எப்படியிருக்கு, எந்த வேலை செய்ய முடியலை' என்று கேட்க நேரம் வேண்டும், மனசும் வேண்டும். 'இவள் பொய் சொல்கிறாள்' என்று நினைக்கிற டாக்டர் அந்த நேரத்தைத் தருவாரா? நம்மை நம்பாத டாக்டர் சொல்லும் பயிற்சியை நாம்தான் தினமும் செய்வோமா? நம்பிக்கை இரண்டு பக்கமும் இருந்தால்தான் இந்த வைத்தியமே நடக்கும்.

எனவே, பரிவு என்பது டாக்டர் விருப்பப்பட்டால் தருகிற தர்மம் அல்ல, அதுவும் மருந்தே. எலும்பையும் நரம்பையும் சொல்லிக் கொடுக்கிற கல்லூரிகள், எதிரில் உட்கார்ந்திருப்பவர் எந்த நிறம், எந்த இனம், ஏழையா, பெண்ணா என்று பார்க்காமல் காது கொடுத்துக் கேட்பதையும் பாடமாக வைத்து, பரீட்சையும் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

நம் பங்குக்கு நாமும் ஒன்று செய்யலாம். எப்போதிருந்து வலி, எந்த நேரத்தில் அதிகம், குனிய முடியவில்லையா, குடம் தூக்க முடியவில்லையா என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போகலாம். 'ஒண்ணும் இல்லை' என்றால், 'வலி இருக்கு டாக்டர், அதுக்கு என்ன செய்யலாம்?' என்று மரியாதையாக, ஆனால் அழுத்தமாகக் கேட்கலாம். கேட்பதில் என்ன வெட்கம், சகோதரிகளே?

— ஒரு இல்லத்தரசி, கும்பகோணம்.